வெயில் காலத்துல நாய எப்படி பாத்துக்கிறது: தோட்டப் பக்கம் நாய் வளக்கிறவங்களுக்கு

மலேசியாவுல நம்ம கெடா மாநிலத்துல, பாடாங் செராய், லூனாஸ், கூலிம், சுங்கை பட்டாணி இந்தப் பக்கம் இருக்கவங்களுக்கு வெயில பத்தி புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. தைப்பூசம் முடிஞ்ச கையோட ஆரம்பிச்சா மார்ச் கடைசி வரைக்கும் மண்டைய பொளக்கும், மழை பேருக்கு கூட வராது, கொல்லையில இருக்க கறிவேப்பிலை மரமே தொங்கிப் போயிரும். நாம வீட்டுக்குள்ள காத்தாடிய போட்டு உக்காந்துக்கிறோம். வெளிய சங்கிலியில கெடக்குற நாய் என்னா செய்யும்? ஒவ்வொரு வருசமும் இந்த நேரத்துல நம்ம தமான்லயும் லயத்துலயும் நாய்ங்க சுருண்டு விழுறத பாக்கறேன், அதுல முக்காவாசி தடுக்கக் கூடியது, அதனாலதான் இத உக்காந்து எழுதுறேன்.

மொதல்ல ஒரு விசயத்த மனசுல வெச்சுக்குங்க. வெயில்ல இருந்து தப்பிக்க நாய்க்கு நாம சொல்லிக் குடுக்க வேணாம், அதுக்கே தெரியும். அவுத்து விட்ட நாய பாருங்க, காலையில வாசப்படியில படுத்திருக்கும், பத்து பதினோரு மணிக்கு காடிக்கு அடியில போயிரும், மத்தியானம் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஈர மண்ண ரெண்டு காலாலயும் பறிச்சு, வயித்த அந்தக் குழிக்குள்ள அமுக்கி, நாலு காலையும் பரப்பிப் படுத்துக்கும். வயித்துலயும் தொடை இடுக்குலயும் முடி கம்மி, அங்கதான் சூடு சீக்கிரம் எறங்கும், அது அதுக்குத் தெரிஞ்சிருக்கு. பிரச்சனை எங்க வருதுன்னா நாம சங்கிலி போட்டு, கூண்டுல அடைச்சு, காடியில பூட்டி, அத நகர முடியாம ஆக்கும் போதுதான். அதனால நான் கீழ சொல்றது எல்லாமே கடைசியில ஒரே வேலைதான், நாய் தானா எடம் மாத்திக்க வழி பண்ணி விடுங்க.

நாய்க்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் சூடு ஏறுதுன்னா, நமக்கு வேர்க்கிற மாதிரி அதுக்கு ஒடம்பு பூரா வேர்க்காது. பாதத்துக்கு அடியில கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவுதான். மத்ததெல்லாம் நாக்க தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்ட வெளிய தள்ளணும், வாய் ஈரம் காத்துல காஞ்சாத்தான் ஒடம்பு குளிரும். நம்ம ஊர் காத்துல ஏற்கனவே ஈரம் ஜாஸ்தி, அந்த எச்சி சட்டுனு காயாது, அதனால 32, 33 டிகிரி இருந்தாக்கூட மழை வர்ற மாதிரி புழுங்குற நாள்ல நாய் தவிச்சுப் போயிரும். நாயோட சாதாரண ஒடம்பு சூடே 38.3ல இருந்து 39.2 டிகிரி வரைக்கும், நம்மள விட கூட. அது 41 டிகிரிய தாண்டுச்சுன்னா உள்ளுக்குள்ள கிட்னி, கொடல், மூளை எல்லாம் அடி வாங்க ஆரம்பிக்கும்.

வானிலை இலாகா வெப்ப எச்சரிக்கை விடுறத போன்ல பாத்திருப்பீங்க. மூணு நாள் தொடர்ந்து 35ல இருந்து 37 டிகிரி வரைக்கும் போனா மொதல் நிலை, 37ல இருந்து 40 வரைக்கும் ரெண்டாவது, 40 தாண்டுனா மூணாவது. நம்ம நாட்டுலயே அதிகமா பதிவானது பெர்லிஸ் சூப்பிங்ல 1998 ஏப்ரல் 9ஆம் தேதி, 40.1 டிகிரி. ஆனா இதெல்லாம் நெழல்ல, காத்தோட்டமா வெச்ச கருவியில அளக்குறது. உங்க வீட்டு முன்னாடி இருக்க சிமெண்டு தரையில, வெயில் நேரா விழுற எடத்துல, அத விட எவ்வளவோ கூட இருக்கும், நாய் படுத்திருக்கது அந்தத் தரையிலதான். அதனால மொதல் நிலை எச்சரிக்கை வந்த அன்னிக்கே நாயோட எடத்த போய் பாத்துருங்க.

இப்ப நெழல பத்தி. கித்தா (ரப்பர்) தோட்டத்துக்குப் பக்கத்துல இருக்கவங்க இத முக்கியமா கவனிக்கணும். நம்ம கெடா பக்கம் கித்தா மரம் எல கொட்டுறது சரியா இந்த வெயில் காலத்துலதான். டிசம்பர்ல நாய கட்டிப் போடும் போது அந்த மரத்தடி இருட்டா குளுகுளுன்னு இருந்திருக்கும், பிப்ரவரியில பாத்தா மேல வெறும் குச்சிதான் நிக்கும், வெயில் அப்படியே தரைக்கு எறங்கும். கட்டுனவங்க மனசுல அது இன்னும் நெழல் மரம்தான், நாய்க்கு அது பொட்டல். மா மரம், பலா மரம் அடி பரவாயில்ல, அதுங்க ஒரேயடியா எல கொட்டாது. ஆனா எந்த மரமா இருந்தாலும் நெழல் நகரும் இல்லியா, காலையில வீட்டுக்கு மேற்கு பக்கம் நெழல் விழும், மத்தியானத்துக்கு மேல கிழக்கு பக்கம் போயிரும், நாலு அடி சங்கிலியில கட்டுன நாய் அந்த நெழலுக்குப் பின்னாடி போக முடியாது. ஒரு நாள் லீவுல வீட்டுல இருக்கும் போது காலை 10, மத்தியானம் 1, சாயங்காலம் 4 மணிக்கு வெளிய போய் நாய் கட்டுற எடத்துல வெயில் விழுதான்னு நீங்களே நின்னு பாருங்க, நான் சொல்ல வேண்டியதே இருக்காது.

இன்னொன்னு, நம்ம ஊர்ல சூரியன் உச்சிக்கு வர்றது 12 மணிக்கு இல்ல. பிப்ரவரி மாசத்துல கெடாவுல கிட்டத்தட்ட ஒன்றரை மணிக்குத்தான் தலைக்கு நேரா வரும், அதுக்கப்புறம் தரை சூடு ஏறி ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும்தான் ரொம்ப கொடுமை. இந்தியாவுல எழுதுறதப் பாத்து சாயங்காலம் நாலு மணி ஆயிருச்சே, வெயில் தாழ்ந்துருச்சேன்னு நாய நடக்க கூட்டிட்டுப் போறவங்க இருக்காங்க. நம்ம நேரத்துக்கு ஆறரை ஏழு மணிக்கு மேல போங்க, இல்லாட்டி காலையில பசியாறுறதுக்கு முன்னாடி போங்க. கெளம்புறதுக்கு முன்னாடி புறங்கைய தார் ரோட்டுல வெச்சு ஏழு எண்ணுங்க, உங்களால வெக்க முடியலன்னா நாயாலயும் நடக்க முடியாது, பாதம் வெந்து தோல் உரிஞ்சிரும். புல்லும் தோட்டத்து செம்மண் ரோடும் தார விட எவ்வளவோ மேல்.

கட்டித்தான் ஆகணும், கேட் இல்ல, பக்கத்து வீட்டுக்காரங்க சங்கடப்படுவாங்க, நெறைய பேருக்கு இதுதான் நெலம, எனக்குப் புரியுது. அப்படின்னா ரெண்டு மரத்துக்கோ ரெண்டு தூணுக்கோ நடுவுல தல ஒசரத்துக்கு மேல ஒரு கெட்டிக் கம்பிய இழுத்துக் கட்டுங்க, அதுல ஒரு வளையத்த ஓட விட்டு சங்கிலிய வளையத்துல மாட்டுங்க, நாய் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நடக்கும். கம்பியோட ரெண்டு முனைக்கும் கொஞ்சம் முன்னாடியே ஒரு முடிச்சோ கிளிப்போ போட்டு வளையத்த நிறுத்திருங்க, இல்லாட்டி மரத்த சுத்தி மாட்டிக்கும். வேலியத் தாண்டிக் குதிக்கிற தூரத்துல கட்டாதீங்க, குதிச்சு அந்தப் பக்கம் தொங்கிச் செத்த நாய்ங்க உண்டு. கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவுல ரெண்டு வெரல் போகணும். கம்பியோட ஒரு பக்கம் காலை நெழலும் மறு பக்கம் சாயங்கால நெழலும் வர்ற மாதிரி பாத்துக் கட்டுனா பாதி வேலை முடிஞ்சது.

தகரம் போட்ட நாய்க் கூடு இருந்துச்சுன்னா அதுக்குள்ள மத்தியானம் உங்க கைய விட்டுப் பாருங்க. தகரத்துக்கு மேல ஒரு சாண் இடைவெளி விட்டு தென்ன ஓலையோ, நாத்தங்கால்ல போடுற கறுப்பு வலையோ போடுங்க, அந்த வலை ஹார்ட்வேர் கடையில மீட்டர் கணக்குல கெடைக்கும், ரொம்ப செலவாகாது. தகரத்து மேல ஒட்டிப் போட்டா பிரயோஜனம் இல்ல, நடுவுல காத்து ஓடணும். கூட்ட செங்கல் வெச்சு தரையில இருந்து தூக்குங்க, ஒரு பக்கம் மட்டும் தெறந்திருந்தா பின்னாடியும் ஒரு ஓட்டை போடுங்க. காத்தாடி போடுறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், வேர்வை இல்லாத ஒடம்புக்கு வெறும் காத்து அவ்வளவா குளிராது, நாயோட வயித்தயும் காலையும் நனைச்சு விட்டு காத்தாடிய போட்டாத்தான் பலன். நாய் கொல்லையில குழி பறிச்சா திட்டாதீங்க, தண்ணித் தொட்டிப் பக்கம் ஒரு மூலையில மண்ண ஈரமாக்கி அதுக்குன்னே விட்டுருங்க, பூச்செடியும் பொழைக்கும்.

தண்ணி விசயத்துல நாம நெனக்கிறத விட நெறைய வேணும். சாதாரண நாள்லயே நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு 50, 60 மில்லி, அப்ப பத்து கிலோ நாய்க்கு அரை லிட்டருக்கு மேல, இந்த வெயில்ல அதுல ரெண்டு பங்கு கூட குடிக்கும். ரெண்டு வெள்ளி கடையில வாங்குற லேசான பிளாஸ்டிக் கிண்ணம் சங்கிலி பட்ட ஒடனே கவுந்துரும், காலையில ஏழு மணிக்கு கவுந்த கிண்ணத்த நீங்க வேலை முடிஞ்சு வந்து அஞ்சு மணிக்குத்தான் பாப்பீங்க. கனமான மண் சட்டி வைங்க, இல்லாட்டி பழைய மோட்டார் டயருக்கு நடுவுல கிண்ணத்த உக்கார வைங்க, ஒண்ணு போதாது ரெண்டு எடத்துல வைங்க, ரெண்டும் நெழல்ல. தெனமும் தேச்சுக் கழுவி மாத்துங்க, தேங்குற தண்ணியில ஏடிஸ் கொசு முட்டை வெச்சா அது உங்க வீட்டுக்கே டிங்கி கொண்டு வந்துரும். வெயில் நேரத்துல பைப் தண்ணி நிக்கிறதும் நம்ம பக்கம் சகஜம், மனுசங்களுக்கு தோங்ல பிடிச்சு வெக்கும் போது நாய்க்கும் சேத்து ஒரு வாளி பிடிச்சு மூடி வைங்க.

ஐஸ் கட்டி குடுக்கலாமான்னு கேப்பாங்க, நல்லா இருக்க நாய்க்கு ரெண்டு கட்டி தண்ணியில போட்டா ஒண்ணும் ஆகாது. வெதை எடுத்த தர்ப்பூசணி கொஞ்சம் குடுக்கலாம். மைலோ குடுக்காதீங்க, அதுல கொக்கோ இருக்கு, நாய்க்கு வெசம். சிரப் தண்ணியும் வேணாம். சாப்பாட்ட காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடியும் பொழுது சாஞ்ச பெறகும் வைங்க, மீதிய எடுத்துருங்க, இந்தச் சூட்டுல சோறும் மீனும் ரெண்டு மூணு மணி நேரத்துலயே நொந்து போயிரும், அதத் தின்னு வயித்தால போனா ஒடம்புத் தண்ணி இன்னும் கொறையும். நெத்திலி போடுறவங்க ஊற வெச்சுக் கழுவி உப்ப எறக்கிட்டுப் போடுங்க. வெங்காயம் பூண்டு போட்ட கொழம்ப சோத்துல பெசஞ்சு வெக்கிறது வெயிலோ மழையோ எப்பவுமே கூடாது.

மோட்டார்ல போகும் போது நாய பின்னாடி ஓட விடுற பழக்கம் நம்ம தோட்டத்துல ரொம்ப நாளா இருக்கு. கித்தா பால் எடுக்க மரம் வெட்டப் போறவங்க விடிகாலையில போவாங்க, அது பரவாயில்ல, திரும்பி வர்றது பதினோரு மணி வெயில்ல. நாய் நிக்காது, உங்கள விட்டுரக் கூடாதுன்னு உயிர குடுத்து ஓடி வரும், முடியலன்னு சொல்லத் தெரியாது. வரும் போது ஏத்திட்டு வாங்க, இல்லாட்டி அன்னிக்கு வீட்டுலயே விட்டுட்டுப் போங்க. காடிய பத்தியும் சொல்லிர்றேன். 2005ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளருங்க வெயில்ல நிக்கிற காடிக்குள்ள சூடு எப்படி ஏறுதுன்னு அளந்தாங்க, ஒரு மணி நேரத்துல உள்ள 22 டிகிரி வரைக்கும் கூடுது, அதுல எம்பது சதவீதம் மொத அரை மணியிலயே ஏறிருது, கண்ணாடிய கொஞ்சம் எறக்கி வெச்சாலும் பெருசா வித்தியாசம் இல்ல. பேங்க்ல ஒரு நிமிசம் எட்டிப் பாத்துட்டு வந்துர்றேன்னு நாய உள்ள வெச்சுப் பூட்டாதீங்க.

எல்லா நாயும் ஒண்ணு இல்ல. பக், புல்டாக், ஷி சூ மாதிரி மூக்கு சப்பையா இருக்க நாய்ங்களுக்கு மூச்சு விடுறதே கஷ்டம், அதுங்கதான் மொதல்ல விழும், அதுங்கள மத்தியானம் வீட்டுக்குள்ளயே வைங்க. குட்டி, வயசான நாய், குண்டு நாய், இதுங்களும் அப்படித்தான். ஹஸ்கி வெச்சிருக்கவங்க வெயிலுக்குன்னு மொட்டை அடிச்சு விட்டுர்றாங்க, செய்யாதீங்க, அந்த ரெண்டடுக்கு முடி வெளிச் சூட்டையும் தடுக்குது, மழிச்சா தோல் வெந்து போகும், முடியும் ஒழுங்கா திரும்ப வளராது. உள் முடிய சீப்பு போட்டு வாரி எடுத்துட்டா போதும். ஷி சூவுக்கு முடிய கொறைக்கலாம், தோல் தெரிய வேணாம்.

இப்ப ரொம்ப முக்கியமானது, நாய் விழுந்துட்டா என்னா செய்யறது. வாய ஆன்னு தெறந்து சத்தமா மூச்சு வாங்கும், எச்சி கெட்டியா நூல் மாதிரி ஒழுகும். ஒதட்ட தூக்கி ஈற பாருங்க, சாதாரணமா ரோஸ் நெறம், இப்ப செக்கச்செவேல்னு இருக்கும், இன்னும் மோசமானா வெளுத்துப் போயிரும். தள்ளாடும், கூப்பிட்டா திரும்பாது, வாந்தி, சில நேரம் ரத்தமா வயித்தால. இதுல எது பாத்தாலும் கிளினிக்குக்கு ஓடாதீங்க, மொதல்ல குளிர வைங்க, அப்புறம் ஓடுங்க. நம்ம பக்கத்துல இருந்து கிளினிக் போய்ச் சேர அரை மணி ஒரு மணி ஆகும், அந்த நேரம் பூரா ஒடம்பு உள்ள வெந்துகிட்டே இருக்கும். நெழலுக்குத் தூக்குங்க, பைப்ப தெறந்து ஒடம்பு பூரா, முக்கியமா வயிறு, தொடை இடுக்கு, பாதம், தண்ணி விட்டுக்கிட்டே இருங்க. வெயில்ல கெடந்த ரப்பர் குழாய்ல மொதல்ல கொதிக்கிற தண்ணி வரும், அத கீழ விட்டுட்டு அப்புறம் நாய் மேல காட்டுங்க. மூக்கு வாயில தண்ணி போகாம தலைய தூக்கிப் பிடிங்க. கூட ஒருத்தர் அட்டையாலயோ முறத்தாலயோ விசிறணும். ஈரத் துண்ட மேல போத்தி வெக்காதீங்க, கொஞ்ச நேரத்துல அந்தத் துண்டே சூட்ட உள்ள பிடிச்சு வெச்சுக்கும். நெனவு இல்லாத நாய்க்கு வாய்ல தண்ணி ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிரும். பனடோல் குடுக்காதீங்க, இது காய்ச்சல் இல்ல, அந்த மருந்து கேக்காது, நாய்க்கு அது ஈரலக் கெடுக்கும். தெர்மாமீட்டர் இருந்து ஆசன வாயில வெச்சுப் பாத்து 39.5க்கு எறங்கிருச்சுன்னா தண்ணிய நிறுத்திருங்க, காடியில ஏர்கோன் போட்டு கெளம்புங்க. எந்திரிச்சு வால ஆட்டுனாலும் கூட்டிட்டுப் போங்க, கிட்னியும் ரத்தம் உறையறதும் கெட்டுப் போறது ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் தெரியும்.

அதோட, கெடாவுல அரசாங்க வெட்னரி ஆபிஸ் வெள்ளி, சனி மூடியிருக்கும். இப்பவே சுங்கை பட்டாணி, கூலிம், பட்டர்வொர்த் பக்கம் ராத்திரியிலயும் லீவு நாள்லயும் தெறக்குற தனியார் கிளினிக் எதுன்னு போன் போட்டுக் கேட்டு நம்பர சேவ் பண்ணி வெச்சிருங்க, நாய் விழுந்த பெறகு தேட நேரம் இருக்காது.

உண்ணியும் இந்தக் காலத்துலதான் பெருகும். சூடு ஏற ஏற அதோட முட்டை பொரிச்சு வளர்ற நாள் கொறையும், ஒரு பொட்ட உண்ணி ஆயிரக்கணக்குல முட்டை வெக்கும், அதுவும் நாய் மேல இல்ல, செவுத்து வெடிப்புல, பலகை இடுக்குல, கூரை சந்துல. அதனால நாய மட்டும் சுத்தம் பண்ணா பத்தாது, அது படுக்குற எடத்தயும் செவுத்தயும் பாக்கணும். காது மடிப்பு, வெரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில தெனமும் தடவிப் பாத்து, சாவணத்தால தோல ஒட்டிப் பிடிச்சு நேரா இழுத்து எடுங்க, சிகரெட்டால சுட வேணாம், மண்ணெண்ணெய் வேணாம். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சாப்பாட்ட ஒதுக்கும், ஈறு வெளுக்கும், சிலதுக்கு மூக்குல ரத்தம் வரும், அப்ப ஒரு நாள் கூட தள்ளிப் போடாதீங்க. மாசத்துக்கு ஒண்ணு, மூணு மாசத்துக்கு ஒண்ணு குடுக்குற மாத்திரை இருக்கு, நாயோட எடைய சொல்லி டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க. தோட்டத்துல புல்லுக்கு அடிக்கிற மருந்தயோ பூச்சி மருந்தயோ நாய் மேல அடிக்கிறத நான் கண்ணால பாத்திருக்கேன், சொறிக்கு கறுப்பு எண்ணெய் (பழைய எஞ்சின் எண்ணெய்) பூசுறதும் அப்படித்தான், நாய் அத நக்கும், தோல் வழியாவும் உள்ள போகும், தயவு செஞ்சு வேணாம். நாய்ச் சொறிக்கு இப்ப நல்ல மருந்து இருக்கு.

புண்ணு இருந்தா ரெண்டு வேளை பாருங்க. இந்தச் சூட்டுல ஈ முட்டை போட்டா ஒரு நாளுக்குள்ள புழு வெச்சுரும், தோலுக்கு அடியில தொளச்சுகிட்டே போகும். உப்புத் தண்ணியில கழுவி மூடி வைங்க, புழு வெச்சுட்டா பெட்ரோல் ஊத்தாம டாக்டர்கிட்ட போங்க.

நாய நகர விடுங்கன்னு சொன்னதுக்கு தோட்டத்துல அவுத்து விடுங்கன்னு அர்த்தம் இல்ல. செம்பனை மரத்தடியில எலி மருந்து வெப்பாங்க, அத தின்ன எலிய நாய் தின்னாலும் ஆபத்து, மூணு நாலு நாள் கழிச்சுத்தான் உள்ளுக்குள்ள ரத்தம் கசியும், அதுக்கு வைட்டமின் கே ஊசி இருக்கு, நேரத்தோட போனா பொழைக்கும். நாகமும் அங்க உண்டு. எலி மூத்திரத்துல இருந்து வர்ற லெப்டோ காய்ச்சலுக்கு வருசா வருசம் ஊசி போடுங்க, அது மனுசங்களுக்கும் ஒட்டும்.

பக்கத்து வீட்டு நாய் வெயில்ல தண்ணி இல்லாம கட்டிக் கெடந்தா மொதல்ல போய் நல்லபடியா பேசுங்க, அண்ணே நாங்க ஒரு வாளி வெக்கட்டுமான்னு கேளுங்க, பெரும்பாலும் கேப்பாங்க. கேக்கலன்னா விலங்குகள் நலச் சட்டம் 2015ன்னு ஒண்ணு இருக்கு, கொடுமைக்கு 20,000 வெள்ளியில இருந்து 1,00,000 வெள்ளி வரைக்கும் அபராதம், மூணு வருசம் வரைக்கும் ஜெயில், வெட்னரி இலாகாவுல புகார் குடுக்கலாம். கோயில் வாசல்ல, மார்க்கெட் பின்னாடி சுத்துற நாய்ங்களுக்கும் கேட்டுக்கு வெளிய நெழல்ல ஒரு சட்டி தண்ணி வைங்க, தெனமும் மாத்துங்க.

ஏப்ரல்ல மழை எறங்குன ஒடனே உண்ணி மாத்திரைய நிறுத்திராதீங்க, ஈரம் வந்ததும் செவுத்துல மீதி இருக்க முட்டை எல்லாம் பொரிக்கும், வருசம் பூரா விடாம குடுங்க. புது எல வந்து கித்தா மரத்தடி திரும்ப இருட்டுற வரைக்கும் அந்தக் கறுப்பு வலைய அவுக்க வேணாம், அவுத்ததும் மடிச்சு எடுத்து வைங்க, அடுத்த தைப்பூசத்துக்கு அதயே போட்டுக்கலாம்.